எங்கே கட்டக் கூடாது?

நிலத்தை வாங்கிய அன்றே வீடு எங்கே வரும் என்று முடிவு செய்துவிட்டேன். சரிவின் நடுவில் ஒரு பெரிய மரம். அதை ஒட்டி, யானை படுத்திருப்பது போல ஒரு பாறை. பாறைக்குக் கீழே, சரிவு சற்று நின்று மூச்சு வாங்குவது போல ஒரு சின்னச் சமதளம். அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். கூடம் இங்கே, படுக்கையறை அங்கே என்று குச்சியால் மண்ணில் கோடு கிழித்து மனைவியிடம் காட்டினேன். "சமையலறை ஜன்னல் மட்டும் மரத்தைப் பார்த்து இருக்கட்டும்" என்றாள். குடிவந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சமதளத்தில் இன்று இருப்பது ஒரு கல் பெஞ்சு. வீடு மரத்துக்கு மறுபக்கம், அந்த நிலத்திலேயே யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில் இருக்கிறது.

வீடு கட்டப்போகிற நண்பர்கள் வந்து பார்த்துவிட்டு, சுற்றுப்புறத்தோடு இவ்வளவு பொருத்தமாக எப்படி அமைந்தது என்று கேட்கிறார்கள். அதில் என் பங்கு மிகக் குறைவு. நான் கெடுக்கப் போனதைத் தடுத்தவர்கள் இரண்டு பேர்: கட்டிடக் கலைஞரான ஓர் இளம் பெண், வயதான ஒரு மேஸ்திரி. அவர்களையும் மீறி நான் கெடுத்த இடங்கள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படிப்பவருக்கு அவைதான் அதிகம் பயன்படும்.

முதல் சந்திப்புக்கு நான் ஒரு படத்தைக் கத்தரித்து எடுத்துப் போனேன். இயற்கையோடு இசைந்த வீடு வேண்டும் என்ற ஆசை உள்ள எல்லோரும் எடுத்துப் போகும் அதே படம்தான்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் என்ற கட்டிடக் கலைஞர் 1935இல் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர் வீடு. அருவிக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் தளங்கள். எங்கள் கட்டிடக் கலைஞர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அருவியைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வீடு வேண்டும் என்றுதான் அந்தக் குடும்பம் நினைத்திருந்தது, சார். ரைட் அருவியின் தலை மேலேயே கட்டிக் கொடுத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்தால் சத்தம் கேட்கும், அருவி தெரியாது." ஈரமும் ஒழுகலும் தாங்காமல் வீட்டுச் சொந்தக்காரரே அதை 'ஏழு வாளி வீடு' என்று கிண்டல் செய்தாராம். நீட்டிய தளங்கள் காலப்போக்கில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் வரை தொய்ந்துபோய், 2002இல் எஃகுக் கம்பிவடங்களை இழுத்துக் கட்டித் தொய்வை நிறுத்த வேண்டியிருந்தது.

"அதற்காக அது மோசமான வீடு என்று சொல்லவில்லை" என்று தொடர்ந்தார். "ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தரத் தளம் இல்லை. குடும்பத்தார் வெயில் காய உட்காரும் பாறை ஒன்று அங்கே இருந்தது. அதன் உச்சியை வெட்டாமல் கூடத்துத் தரையிலிருந்து எழும்பி நிற்கவிட்டு, அதன் மேலேயே கணப்பை அமைத்தார்கள். அதைப் பாருங்கள்." பிறகுதான் எனக்குக் கோபம் வரவைத்த வாக்கியத்தைச் சொன்னார்: "ஒரு மழைக்காலம் முடியட்டும். அதுவரை வரைபடம் கிடையாது."

நிலம் வாங்கிக் கையில் வைத்திருப்பவனிடம் ஆறு மாதம் பொறு என்றால் எப்படி இருக்கும்? வேறு ஆளைப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். மனைவிதான் தடுத்தாள். சும்மா இருக்க வேண்டாம் என்று எங்களுக்கு வேலையும் கொடுத்திருந்தார். நிலத்தில் ஆறு இடங்களில் கழி நட்டு, உச்சியில் ஒரு முழம் நீளத்துக்கு மெல்லிய துணி நாடா கட்டச் சொன்னார். ஒரு நேரான குச்சியை நட்டு, மாதம் ஒரு நாள் காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு என்று அதன் நிழல் நுனியில் கல் வைக்கச் சொன்னார். மழை பெய்யும்போது வீட்டில் இருக்காமல் நிலத்துக்குப் போய் நிற்கச் சொன்னார். இவற்றில் கடைசி வேலைதான் எங்களைக் காப்பாற்றியது.

முதல் பெருமழை வந்த அன்று குடையோடு என் சமதளத்தில் போய் நின்றேன். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு பாறைக்குப் பின்னாலிருந்து நான்கு விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அது பாறையைச் சுற்றி வந்து இரண்டாகப் பிரிந்தது. நான் கூடம் என்று கோடு கிழித்த இடத்தில் விசிறி போல் விரிந்து, கொண்டுவந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டுத் தெளிந்து கீழே போனது. என் செருப்பைச் சுற்றி வண்டல் படிந்திருந்தது. மறுநாள் மேஸ்திரி வந்து கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். வெண்ணெயில் இறங்குவது போல் பாதிக் கடப்பாரை உள்ளே போய்விட்டது. "சரிவில் சமதளம் சும்மா வராது, ஐயா. தண்ணீர் கொண்டுவந்து போட்டுச் சமமாக்கின மண் இது. இதில் கட்டினால் வீடு ஒரு பக்கம் இறங்கும், இறங்காவிட்டாலும் வருஷா வருஷம் விருந்தாளி வரும்" என்றார்.

சரிவான நிலம் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் வீடு கட்டத் தோன்றும் இடம் பல நேரங்களில் தண்ணீர் தனக்காகச் செய்துவைத்த இடம். வெயில் காலத்தில் நிலத்தைப் பார்த்து வாங்குவது, தூங்கும்போது பார்த்து ஆளின் குணத்தை முடிவு செய்வது போலத்தான். மழையில் பார்க்க வாய்ப்பில்லை என்றால் அடையாளங்களைத் தேடுங்கள். பாறையின் அடியில் படிந்த சேற்றுக்கோடு, ஒரே திசையில் சாய்ந்து கிடக்கும் புல், மரத்தின் மேட்டுப்பக்கத்தில் மட்டும் தேங்கிய சருகு. இவை எல்லாம் தண்ணீர் வந்துபோன தடயங்கள்.

வீட்டைத் தூண்கள் மேல் தூக்கிவிட்டால் போயிற்று என்று நான் வாதம் செய்து பார்த்தேன். கட்டிடக் கலைஞர் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951இல் முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு கண்ணாடியும் வெள்ளை எஃகும் மட்டுமேயான அழகு. வெள்ளச் சமவெளி என்று தெரிந்தே தரையை ஏறக்குறைய 1.6 மீட்டர் உயர்த்தித்தான் கட்டினார்கள். 1954, 1996, 2008 என்று மூன்று முறை வெள்ளம் உள்ளே புகுந்தது. தூக்கிக் கட்டுவது தவறில்லை. இலங்கையில் ஜெஃப்ரி பாவா கண்டலமவில் 1990களின் தொடக்கத்தில் கட்டிய விடுதி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைச் சரிவை ஒட்டித் தூண்கள் மேல் நிற்கிறது. மலையிலிருந்து வரும் மழைநீர் அதன் அடியில் ஓடிப்போகும். ஆனால் அங்கே தூண்கள் நிற்பது பாறையில். என் தூண்கள் வண்டலில் நின்றிருக்கும்.

அப்படியானால் எங்கே கட்டுவது? மரத்துக்கு மறுபக்கம், யாரோ எப்போதோ மண் வெட்டி எடுத்துக்கொண்டு போன ஒரு வடு இருந்தது. சரிவின் விலாவில் வெட்டிய பள்ளம். கீழ்ப்பக்கம் திறந்தே இருந்ததால் தண்ணீர் தேங்குவதில்லை. முட்புதர், உடைந்த கற்கள். நாங்கள் அதைக் குப்பை போடும் இடமாகத்தான் நினைத்திருந்தோம். மேஸ்திரி அங்கே கடப்பாரையைப் போட்டார். கணீர் என்றது. மேல்மண் ஏற்கெனவே போய்விட்டதால் கெட்டித் தரை கைக்கெட்டும் ஆழத்திலேயே இருந்தது. ஏற்கெனவே காயம்பட்ட இடத்தில் வீட்டை வைத்தால் நல்ல இடம் எதையும் புதிதாகக் கெடுக்க வேண்டியதில்லை. காயத்தையும் வீடே மூடிவிடும். எங்கள் கட்டிடக் கலைஞரின் கணக்கு இவ்வளவுதான்.

எனக்கு மனது ஆறவில்லை. காட்சி போய்விடுமே? "சமதளத்தில் வீடு கட்டினால் வீட்டிலிருந்து பள்ளத்தாக்கு தெரியும். ஆனால் அந்தச் சமதளம் இருக்காது" என்றார். ரைட் 1911இல் தனக்காகக் கட்டிக்கொண்ட வீட்டையும் குன்றின் உச்சியில் வைக்கவில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே, குன்றின் நெற்றியில் சுற்றிவர அமைத்தார். அதற்கு வைத்த டாலியெசின் என்ற வெல்ஷ் மொழிப் பெயருக்கே 'ஒளிரும் நெற்றி' என்று பொருள். உச்சியில் கட்டினால் குன்றே போய்விடும் என்பது அவர் எண்ணம். 1960களில் கலிஃபோர்னியாக் கடற்கரையில் சீ ராஞ்ச் குடியிருப்பைத் திட்டமிட்ட லாரன்ஸ் ஹால்ப்ரினும் காற்று எப்படி வீசுகிறது என்று முதலில் பார்த்தார். கடலைப் பார்த்த புல்வெளியை வெறுமையாக விட்டு, வீடுகளைத் தொகுப்புகளாக ஒதுக்கினார். கூரைகளை காற்றை மேலே தள்ளிவிடும்படி சாய்த்தார்கள். பலகைகளுக்கு வண்ணம் பூசாமல் தாமாகவே சாம்பல் நிறமாக விட்டார்கள். இந்த வீடுகளை நான் நேரில் பார்த்ததில்லை. படங்களை மட்டும் பார்த்தே என் சமதளத்தைக் கைவிடச் சம்மதித்தேன். இன்று மாலைகளில் கல் பெஞ்சில் போய் உட்காரும்போது, அங்கே கூடத்தைக் கட்டியிருந்தால் நாலு சுவருக்கு நடுவே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன் என்று தோன்றும்.

அடுத்தது மரம். மரத்தைக் காப்பாற்றுவது என்றால் வெட்டாமல் விடுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேர் கிளைகளைப் போலவே கீழேயும் ஆழமாகப் போகும் என்று பள்ளிப் புத்தகப் படங்கள் நம்மை நம்பவைத்துவிட்டன. உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. பக்கவாட்டில் கிளைகளின் விரிவைத் தாண்டியும் ஓடுகின்றன. பிரிட்டனில் கட்டுமானத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் எவ்வளவோ, அதைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் மண்ணைத் தொடக் கூடாது. நாங்கள் தையல் நாடாவைத் தண்டில் சுற்றிப் பார்த்தோம். சுற்றளவு 220 சென்டிமீட்டர். விட்டம் 70. பன்னிரண்டால் பெருக்கினால் 8.4 மீட்டர். மேஸ்திரி கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புத் தூளைத் தூவியபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. வண்டி வரும் வழி, செங்கல் அடுக்க நினைத்த இடம், தாழ்வாரத்தின் ஒரு மூலை எல்லாமே வட்டத்துக்குள் இருந்தன.

வண்டி வழியை மாற்றினோம். செங்கல் அடுக்கும் இடத்தை மாற்றினோம். தாழ்வார மூலையை மட்டும் மாற்ற முடியவில்லை. அங்கே அடித்தளத்துக்குத் தொடர்ச்சியாகப் பள்ளம் தோண்டாமல் நான்கே நான்கு குழிகள், அதுவும் கையால் தோண்டினோம். மூன்றாவது குழியில் முன்கை கனத்துக்கு ஒரு வேர் குறுக்கே வந்தது. மேஸ்திரி வெட்டுகத்தியை ஓரமாக வைத்துவிட்டு ஈரச்சாக்கை எடுத்து வேரின் மேல் போர்த்தினார்; குழி 40 சென்டிமீட்டர் நகர்ந்தது. தூணுக்குத் தூண் இடைவெளி சமமாக இல்லாததால் தாழ்வாரத்தின் அழகு கொஞ்சம் கோணல்தான். வருகிறவர்கள் அது ஏதோ நவீனப் பாணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு இன்னொரு மரத்தைக் கொன்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். கீழ்ச்சரிவில் இளமரம் ஒன்று இருந்தது. அதற்கு வட்டம் போடவில்லை. பின்சுவருக்காகத் தோண்டிய மண்ணைத் தற்காலிகமாக அதன் அடியில் குவிக்கச் சொன்னது நான்தான். முழங்கால் உயரம், நான்கு மாதங்கள். பொக்லைனும் அதன் அருகே பல முறை போய்வந்தது. மண்ணை அள்ளிய பிறகு மரம் பச்சைப்பசேல் என்றுதான் நின்றது. இரண்டாம் ஆண்டு இலைகள் சிறுத்தன. மூன்றாம் ஆண்டு உச்சிக் கிளைகள் காய்ந்தன. நான்காம் ஆண்டு முடிந்துவிட்டது. வேர்களுக்குக் காற்று வேண்டும். மேலே மண்ணைக் குவித்தாலும், கனமான வண்டி ஏறி மண்ணை இறுக்கினாலும் மூச்சு முட்டும். ஆனால் மரம் அதை உடனே காட்டாது. கட்டியவர்கள் கணக்கு முடித்துப் போன பிறகுதான் சாகும். அதனால் பெரும்பாலானவர்கள் ஏதோ நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். வேலை தொடங்கும் முதல் நாளே, முதல் லாரி வருவதற்கு முன், காக்க வேண்டிய எல்லா மரங்களையும் சுற்றிக் கழி நட்டு வேலி போட்டுவிடுங்கள். வாயால் சொல்லிவைத்தால் போதாது. நாளுக்கு ஓர் ஆள் வருவார். அவரவர் வசதிக்கு மண்ணைக் கொட்டுவார்கள்.

தண்ணீர்க் கதை இன்னும் முடியவில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் கூரை 140 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 7,000 லிட்டர். வீடு வருவதற்கு முன் அதில் பெரும்பகுதியை மண் குடித்துக்கொண்டிருந்தது. இப்போது அவ்வளவும் இரண்டு குழாய் வழியாக ஒரே இடத்தில் விழும். அதை அப்படியே கீழே இருப்பவர் தலையில் தள்ளிவிட்டு இயற்கையோடு இசைந்த வீடு என்று பேசிக்கொண்டிருக்க முடியாது. ஒரு பகுதியைத் தொட்டியில் பிடிக்கிறோம். தொட்டி நிரம்பினால் கல் பதித்த ஓடை வழியாக ஓர் ஆழமில்லாத பள்ளத்துக்குப் போகிறது. இந்தப் பள்ளம் வீட்டின் அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் அதே இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதல் முறை ஊற்றியது வறண்ட மண் குடித்துவிடும், அது கணக்கில்லை. இரண்டாம் முறை ஊற்றியது ஒரு நாளைக்குள் வடிந்துவிட வேண்டும். எங்கள் முதல் தேர்வில் மூன்று நாள் நின்றது. களிமண். இரண்டாவது இடம் ஐந்து மணி நேரத்தில் காலியானது.

பின்சுவர் விஷயத்தில் இவ்வளவு புத்தி வேலை செய்யவில்லை. மண்ணைத் தாங்கும் சுவருக்கு அங்கே கிடைத்த கல்லையே பயன்படுத்தினோம். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. செலவைக் குறைக்க, பின்னால் சரளைக்குப் பதில் தோண்டிய மண்ணையே போட்டு இடிக்கச் சொன்னேன். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் வயிறு தள்ளியது. சுவரைத் தள்ளியதில் மண்ணைவிட, போக வழியில்லாமல் மண்ணுக்குள் நின்ற தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம். பிரித்துத் திரும்பக் கட்டினோம். இப்போது சுவருக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்குச் சரளை, மண் கலக்காதபடி நடுவே வடிதுணி, அடியில் துளையிட்ட குழாய், சுவரில் வரிசையாக வடிதுளைகள். முதலில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போயிற்று.

காற்றைப் பற்றித் துணி நாடாக்கள் சொன்னது நான் எதிர்பார்க்காதது. பகலில் எல்லா நாடாவும் மேட்டைப் பார்த்துப் பறந்தன. சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தன. இரவில் சரிவின் மேல் உள்ள காற்று குளிர்ந்து கனமாகித் தண்ணீரைப் போலவே கீழே வழிகிறது. அதனால் மேட்டுப்பக்கச் சுவரில் தரையோடு தாழ்வான ஜன்னல்கள், பள்ளப்பக்கத்தில் கூரையை ஒட்டி உயரமான திறப்புகள். இரவுக் காற்று கீழே நுழைந்து, பகலில் சேர்ந்த சூட்டை மேலே தள்ளிக்கொண்டு போகிறது. வீடு ஓர் அறை ஆழம் மட்டுமே உள்ள நீளமான வீடு. ஒரே பக்கம் ஜன்னல் இருந்தால் அறையின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் காற்று ஒழுங்காக எட்டும். எதிரெதிரே இருந்தால் ஐந்து மடங்கு வரை போகும் என்பது கட்டிடக் கலைஞர்களின் கைக்கணக்கு. அகலமான பெட்டி வீட்டைக் கட்டிவிட்டுக் குளிரூட்டியை நம்புவதற்கு இது மாற்று.

வெயிலில்தான் நான் பிடிவாதமாகத் தோற்றேன். நண்பகல் சூரியனின் இடம் ஜூன் மாதத்துக்கும் டிசம்பர் மாதத்துக்கும் இடையே வடக்கு தெற்காக 47 பாகை மாறும். அதைச் சரியாக நீட்டிய இறவாரம் சமாளித்துவிடும். மாலை வெயில் அப்படி இல்லை. கிடைமட்டமாக, ஈட்டி போல உள்ளே வரும். எவ்வளவு நீளமான கூரையும் அதைத் தடுக்காது. மேற்கே மரமோ, நிமிர்ந்த சட்டங்களோ, ஆழமான தாழ்வாரமோ வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்திச் சூரியன் தெரிய வேண்டும் என்று மேற்கில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைக்கச் சொன்னேன். கத்தரித்த படத்தின் மிச்சம் மனதில் இருந்திருக்கிறது. முதல் கோடையில் மாலை நான்கு மணிக்கு மேல் கூடத்தில் உட்கார முடியவில்லை. உள்ளே திரை போட்டேன். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைத் திரை என்ன செய்யும்?

அந்தக் கண்ணாடி செய்த வேறொன்று அதைவிட மோசம். ஒரு நாள் காலை 'டப்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு பறவையின் உருவம். விரித்த இறக்கைகள், ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரியும்படி, இறகுத் தூளால் அச்சாகியிருந்தது. கீழே புறா உயிரில்லாமல் கிடந்தது. கண்ணாடியில் மரமும் வானமும் பிரதிபலிக்கின்றன. பறவைக்கு அது திறந்த வெளி. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடி வரை பறவைகள் கட்டிடங்களில் மோதிச் சாவதாக 2014இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதில் வானளாவிய கோபுரங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வீடுகளும் தாழ்வான கட்டிடங்களும்தான் மீதி அத்தனையும். மரங்களுக்கு நடுவே கண்ணாடி வீடு என்பது, யோசித்துப் பார்த்தால், ஒரு பொறி. பருந்துப் படம் ஒன்றை ஒட்டினேன், பயனில்லை. பிறகு கண்ணாடிக்கு வெளியே, ஒன்றுக்கொன்று பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கயிறுகளை மேலிருந்து தொங்கவிட்டேன். அடுத்த ஆண்டு கண்ணாடிக்கு முன்னால் மரச்சட்டங்களும் நிமிர்ந்தன. மோதல் நின்றது; கூடமும் ஆறியது. அந்திச் சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து வெளியே போகிறேன்.

வண்ணம், பொருட்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை வண்ணம் அடித்தால் மரங்களோடு கலந்துவிடும் என்பது பொய். இலைகள் மாதத்துக்கு ஒரு பச்சையாக மாறிக்கொண்டே இருக்க, சுவர் மட்டும் ஒரே பச்சையாக நின்று கண்ணை உறுத்தும். மனைவி ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காயவைத்து, அந்த நிறத்துக்கு இரண்டு படி வெளிறிய நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். சுவர்களில் பெரும்பகுதியை, கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறையில், செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினோம். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு குறையும், நடுவில் உள்ள காற்று சூட்டையும் தடுக்கும். உலகக் கரியமில வாயு வெளியீட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் வருகிறது என்பதால், அவசியமில்லாத இடங்களில் அதைத் தவிர்த்தோம். முழுவதும் தவிர்த்தோம் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது.

கூரையில் புல் வளர்க்கும் ஆசையையும் கைவிட்டோம். ஈரமான சாதாரண மண் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கே சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கக் கான்கிரீட்டையும் கம்பியையும் கூட்ட வேண்டும். மேலே புல் வளர்த்துவிட்டுக் கீழே முற்றம் முழுவதும் தளக்கல் பதிக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். மண் கீழேதானே இருக்கிறது? அதை மூடாமல் விட்டாலே போதும். நாங்கள் வாசலிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை மட்டும் இடைவெளி விட்டுக் கல் போட்டோம். இரவு விளக்குகள் இடுப்பு உயரத்துக்கு மேல் இல்லை. மஞ்சள் ஒளி, மேலே மூடி, ஒளி தரையில் மட்டும் விழும்படி. முதலில் போட்ட வெள்ளை விளக்கைச் சுற்றிக் காலையில் விளக்குமாற்றால் கூட்டும் அளவுக்குப் பூச்சிகள் இறந்து கிடந்தன.

பட்டுப்போன இளமரத்தை முழுவதும் வெட்டவில்லை. வீட்டின் மேலோ பாதையிலோ விழாத இடம் என்பதால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு விட்டு மேலே மட்டும் அறுத்தோம். அதில் இப்போது பொந்து இருக்கிறது. உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று இன்னும் பார்க்கவில்லை.

பெரிய மரம் நன்றாக இருக்கிறது. அதன் ஒரு கிளை இப்போது தாழ்வாரக் கூரை மேல் வந்துவிட்டது. அதற்கு நாங்கள் கொடுக்கும் விலை சருகு. கூரை ஓரத்து நீர்க்காலை மழைக்கு முன் ஒரு முறை, நடுவில் இரண்டு முறை ஏணி போட்டு ஏறிச் சுத்தம் செய்ய வேண்டும். மரத்தடியில் வீடு கேட்கிறவர்கள் இந்த ஏணியையும் வீட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே சாய்ப்பது, யார் ஏறுவது என்பது உட்பட. சென்ற ஆண்டு நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இரவு மழை பிடித்துக்கொண்டது. நீர்க்கால் அடைத்துத் தண்ணீர் பின்னுக்கு ஏறிக் கூடத்து மூலையில் சொட்டத் தொடங்கியது. மனைவி ஒன்றும் பேசாமல் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாளிதான், ஏழில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. விடிந்ததும் ஏணியை எடுத்துச் சாய்த்தேன்.